கடைசியில் ஏற்றியது முதலில் இறங்கும்

1

பதினெட்டாயிரத்து எழுநூற்று நாற்பது. அவன் தன் சகலைக்குத் தரவேண்டிய பணம் அவ்வளவு. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

இந்த வரியை எழுத எனக்கு மூன்று மத்தியான இடைவேளை ஆனது. முதல் நாள் இலக்கத்தில் எழுதினேன். 18,740 என்று பார்த்தால் லாரி நம்பர் மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் 'ஏறத்தாழப் பத்தொன்பதாயிரம்' என்று எழுதினேன். ஏறத்தாழ என்ற சொல்லைச் சமீபத்தில்தான் கற்றுக்கொண்டேன். எங்காவது போட்டுவிட வேண்டும் என்று கை அரித்தது. ஆனால் கடன்பட்டவனுக்கு ஏறத்தாழ என்பதெல்லாம் கிடையாது. மூன்றாம் நாள் எழுத்தால் எழுதினேன். அதுவே நிற்கட்டும்.

கதை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கிடங்கில் ஒவ்வொரு லாரி இறக்கும்போதும் எங்கள் கையில் ஒரு மஞ்சள் சீட்டு தருவார்கள். முன்பக்கம் மூட்டைக் கணக்கு. பின்பக்கம் வெறுமை. சாயங்காலம் எல்லாம் குப்பைக்குப் போகும். வெறும்பக்கம் வீணாகிறதே என்று பொறுக்காமல் எழுத ஆரம்பித்தேன். மூலம் அவ்வளவுதான். இதைவிட உயர்வான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கடைசிப் பக்கத்தில் திரையை விலக்கிக் காட்டுகிற வேலையெல்லாம் எனக்கு வராது. அந்த 'அவன்' நான்தான். முதலில் 'நான்' என்றுதான் எழுதினேன். நாலாவது வரிக்குள் நான் மகா யோக்கியனாகவும் சகலை அயோக்கியராகவும் ஆகிவிட்டோம். என் மனைவி சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, "யாருங்க இந்த உத்தமர்? என்கூட இத்தனை வருஷமா இருக்கற ஆளு இல்லையே" என்றாள்.

அன்றிலிருந்து 'அவன்'.

2

முதல் தொடக்கம்: குதிரைகள் கிளம்பின. பதினோரு குதிரைகளின் குளம்படியில் பூமி அதிர்ந்தது, காற்று கிழிந்தது, வானம்—

வேண்டாம். அன்றைக்கு அவன் நின்ற இடத்திலிருந்து குதிரையே தெரியவில்லை. முன்னால் நின்றவரின் தோள்பட்டைதான் தெரிந்தது. வானத்தை அவன் பார்க்கவும் இல்லை.

இரண்டாவது தொடக்கம்: வாழ்க்கை ஒரு பந்தயம் என்று—

இதை எழுதியபோது எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது: ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் ஜன்னலுக்கு முன்னால் அவன் நின்றுகொண்டிருந்தான்.

இது பரவாயில்லை. இதிலேயே போவோம்.

ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் ஜன்னலுக்கு முன்னால் அவன் நின்றுகொண்டிருந்தான். மாடியில் அவன் மனைவி கிடந்தாள். வயிற்றில் கட்டி. அன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஜன்னலுக்குள் இருந்த பெண் ஒரு தாளைத் தள்ளினாள். "புருஷன் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும்."

அவன் தாளைப் பார்த்தான். மேலிருந்து கீழ்வரை எறும்பு ஊர்ந்தது போல இருந்தது.

சகலை பஸ் டிரைவர். அவன் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். டூட்டி உடுப்போடு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்திருந்தார். "குடு, நான் பார்க்கறேன்" என்று தாளை வாங்கிக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உதடு அசையாமல் படித்தார்.

"என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணும் இல்ல சகலை. வழக்கமா போடறதுதான். இங்க வை."

மைப்பெட்டி வந்தது. அவன் கட்டைவிரலை வைக்கப் போனான். "இங்க இல்ல, இங்க" என்று சகலை அவன் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்தி வைத்தார். குழந்தையின் கையைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பார்களே, அப்படி. பிறகு தன் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி ஜன்னலுக்குள் கொடுத்தார். பில் எவ்வளவோ அவ்வளவு.

"இருக்கறப்போ குடு சகலை. நான் கேக்கவே மாட்டேன்" என்றார்.

அவர் கேட்கவே இல்லை. அதுதான் பெரிய தொல்லையாகப் போனது. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கரண்டு பில்லோ சம்பளச் சீட்டோ எது கிடந்தாலும் "குடு, நான் பார்க்கறேன்" என்று எடுத்துப் படித்துக் காட்டினார். கேட்காமலே படித்துக் காட்டினார். விரலில் இருந்த நீல மை இரண்டு நாளில் போய்விட்டது. சகலை போகவில்லை.

3

மனைவி தேறி எழுந்து வேலைக்குப் போனாள். அவள் வேலை ஒரு பெரிய சலவை நிலையத்தில் விரிப்புகளுக்குப் பெட்டி போடுவது. எட்டாவது வரை படித்தவள். ஒருநாள் துணிகளில் கட்டும் அடையாளச் சீட்டுகளை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து மேஜையில் கொட்டினாள்.

"உட்காருங்க."

"எதுக்கு?"

"எனக்கு அறுத்தாங்களே, அந்தத் தாளில என்ன எழுதியிருந்துச்சு?"

"வழக்கமா போடறதுதான்னு சகலை சொன்னாரு."

"நான் செத்தா யாரும் கேக்கக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. நான் அப்புறமா வாங்கிப் படிச்சேன். நீங்க அதுக்குத்தான் விரல் வச்சீங்க. உட்காருங்க."

அவனுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. மூட்டை தூக்கிய கையில் பென்சில் நிற்கவில்லை. ஊன்றினால் முனை உடைந்தது, ஊன்றாவிட்டால் எழுத்து விழவில்லை.

"இது என்னங்க?"

"க."

"இதுவா? வயித்துவலி வந்து சுருண்டு கிடக்கற ஆளு மாதிரி இருக்கு."

"நீதானே அப்படிக் கிடந்தே."

"வாயி மட்டும் நல்லா எழுத வருது" என்று அழிரப்பரை அவன் பக்கம் தள்ளினாள்.

பதினான்கு மாதம் ஆனது. எப்படியெல்லாம் கற்றான் என்று இங்கே விரிவாக எழுதியிருந்தேன். ஆறு சீட்டு. கண்ணீரெல்லாம் வந்தது. கற்கும்போது கண்ணீர் எதுவும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது என்பதால் அந்த ஆறையும் எடுத்துவிட்டேன்.* சம்பள நாளன்று கிளார்க் வழக்கம்போல மைப்பெட்டியைத் தள்ளியதும், அவன் அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டதும் மட்டும் இருக்கட்டும். கிளார்க் பேனாவைத் தர யோசித்தார். புதுப் பேனா.

அன்றைக்கு வெளியே வரும்போது அவனுக்குள் ஒரு எண்ணம் நுழைந்தது. படித்தவனெல்லாம் பிழைக்கிறான். நானும் படித்துவிட்டேன். ஆகவே சகலையின் பணத்தைப் படித்தே அடைப்பேன்.

எதைப் படித்து என்பதுதான் அப்போது தெரியவில்லை.

* ஆறையும் எடுத்துவிட்டேன் என்பது பொய். ஒன்றை வைத்திருக்கிறேன். நன்றாக வந்திருந்தது.

4

கிடங்கில் அவனோடு மூட்டை தூக்குகிற ஒருவனுக்குக் 'குறிப்பு' என்று பட்டப்பெயர். மழை வருமா, மேஸ்திரி வருவாரா, எந்தக் குதிரை ஜெயிக்கும், எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு குறிப்பு இருக்கும். எதுவும் பலித்ததில்லை. இடைவேளையில் சாக்கின் மேல் சாய்ந்துகொண்டு ரேஸ் புத்தகம் படிப்பான்.

"இதென்ன, குதிரை பேருக்குப் பக்கத்துல அஞ்சு நம்பர்?" என்று அவன் கேட்டான்.

"கடைசியா ஓடின அஞ்சு ரேஸ். ஒண்ணுன்னா முதல்ல வந்துச்சு. ரெண்டுன்னா ரெண்டாவது. சைபர்னா ஒம்போதுக்கும் அப்புறம், எங்கயோ."

"அப்ப இதைப் படிச்சா எது ஜெயிக்கும்னு தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா நான் ஏன்டா உன்கூட இங்க உட்கார்ந்து வேர்த்துக்கிட்டு இருக்கேன்?"

இந்தக் கதையில் வருகிற ஒரே அறிவுள்ள வாக்கியம் இதுதான். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டான்.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். லாரியின் பின்கதவைத் திறந்தால் முதலில் கைக்கு வருவது கடைசியில் ஏற்றிய மூட்டை. முதலில் ஏற்றியது உள்ளே, டிரைவர் முதுகோடு ஒட்டிக் கிடக்கும். இருபத்தெட்டு வருஷம் அவன் உலகத்தை அப்படித்தான் திறந்து பார்த்திருக்கிறான். ஆகவே 1 2 4 7 0 என்று ஒரு வரிசையைப் பார்த்ததும், இடதுபக்கம் கதவு என்று எடுத்துக்கொண்டான். கதவோரம் இருக்கிற ஒன்றுதான் புதுச்சரக்கு. உள்ளே கிடக்கிற சைபர் பழசு. அதாவது இந்தக் குதிரை எங்கேயோ கிடந்து, ஏழாவதாகி, நாலாவதாகி, இரண்டாவதாகி, போன தடவை முதலில் வந்திருக்கிறது. ஏறுகிற குதிரை.

பந்தயம் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நேர்மாறு. புதிய ஓட்டம் வலது ஓரத்தில் இருக்கும். அது ஏறுகிற குதிரை இல்லை. மாடிப்படியில் உருண்டுகொண்டிருக்கிற குதிரை.

இதை இப்போதே சொல்வதா, கடைசிவரை ஒளித்து வைப்பதா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மனைவிதான், "அவரு மட்டும் ஏமாந்தா போதும், படிக்கறவங்க எதுக்கு?" என்றாள்.

பதினோரு வாரம். காசு கட்டவில்லை, நோட்டில் மட்டும் எழுதினான். ஒவ்வொரு வாரமும் உருளுகிற குதிரைகளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தான். பதினொன்றில் இரண்டு ஜெயித்தன. குதிரைக்கும் சில நாள் புத்தி கெட்டுப்போகும் போல. அந்த இரண்டும் சேர்ந்து அவனை உறுதியாக்கிவிட்டன. தோற்ற ஒன்பதுக்கும் காரணம் எழுதினான். தரை ஈரம். ஜாக்கி புதுசு. போன வாரப் புத்தகத்தை இந்த வாரப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு குதிரையைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். ஆனால் பழைய புத்தகத்தை மனைவி அலமாரித் தட்டில் விரித்து அதன்மேல் பாத்திரம் கவிழ்த்திருந்தாள்.

உண்மை முழுவதும் பதினோரு வாரம் பாத்திரத்துக்கு அடியில் கிடந்தது. (இந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது. மனைவிக்குப் பிடிக்கவில்லை. தன்னைக் குற்றம் சொல்வதாக நினைக்கிறாள். சொல்லத்தான் செய்கிறேன்.)

5

கதை நடுவில் ஒரு விஷயம். வேண்டாமென்றால் தாண்டிப் போகலாம்.

புத்தகத்தில் அவனுக்குச் சட்டென்று விளங்கிய பகுதி எடை. நன்றாக ஓடுகிற குதிரையின் முதுகில் கூடுதல் ஈயம் ஏற்றுகிறார்கள். போன தடவை ஜெயித்தாயா, இந்தா, இன்னும் நாலு கிலோ. தோற்றாயா, இறக்கிவிடு. எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் கோட்டுக்கு வரவேண்டும் என்பது கணக்காம். அப்படி வந்தால்தான் பந்தயம் சுவாரசியமாக இருக்குமாம்.

யாருக்கு?

கிடங்கில் இதை யாரும் புத்தகம் போட்டு விற்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வேகமாக இறக்குகிறவனுக்கு மேஸ்திரி அடுத்த லாரியையும் காட்டுவார். முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவனுக்கு நிழல். அவன் இருபது வயதில் வேகமாக இறக்கினான். அதற்கான ஈயம் இன்னும் இறங்கவில்லை. புத்தகத்தில் குதிரைக்குக் குதிரை எடையை அச்சடித்திருப்பதைப் பார்த்தபோது அவனுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அதன் முதுகில் என்ன இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிகிறதே.

சரி. கதைக்கு வருவோம்.

6

வரமுடியவில்லை. சகலை தடுக்கிறார்.

ஒரு கதையில் ஒருவர் கெட்டவராக இருந்தால் எழுதுகிறவனுக்கு வசதி. சகலையைக் கெட்டவராக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கஞ்சன் என்று எழுதினேன். பதினெட்டாயிரத்தை ஜன்னலில் நீட்டிய கை குறுக்கே வந்து நின்றது. கர்வம் பிடித்தவர் என்று எழுதினேன்.

"மாமாவுக்கு என்ன கர்வம்? உங்களுக்கு உதவி பண்ணினாரு, அவ்வளவுதானே" என்றாள் மனைவி.

"அந்த உதவியத்தான் சொல்றேன்."

"அதை எப்படிக் கெட்டதுன்னு எழுதுவீங்க?"

"அதான் எழுத வரல."

"அப்ப எழுதாதீங்க. வந்து துணியை மடிங்க."

மடித்தேன். துணியை மடிக்கும்போது தோன்றியது இது: சகலை அவனுக்கு எதையும் செய்துவிடவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து ஒரு விரற்கடை நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான். அந்த ஒரு விரற்கடையைத் திருப்பித் தரவேண்டும் என்பதற்காகத்தான் அவன் குதிரைகளிடம் போனான்.

7

சனிக்கிழமை மத்தியானம். லாரி வேலை இருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போனான். பையில் ஆயிரம். மூன்று மாதம் டீ குடிக்காமல் சேர்த்தது.

ஐந்தாவது ரேஸ். ஏழாம் நம்பர் குதிரை. பெயர் கோல்டன் பட்டன். வரிசை 1 2 4 7 0. விலை ஒன்றுக்குப் பதினெட்டு. அதாவது ஆயிரம் கட்டினால் பதினெட்டாயிரம், கட்டின ஆயிரம் தனி. மொத்தம் பத்தொன்பதாயிரம். சகலைக்குக் கொடுத்ததுபோக மீதி இருநூற்று அறுபது. அந்த இருநூற்று அறுபதுக்கு ஒரு நல்ல பேனா வாங்குவது வரை அவன் முடிவு செய்திருந்தான். இவ்வளவு ஏறுமுகமான குதிரைக்கு இத்தனை விலை தருகிறார்களே, படித்தவர்கள் ஒருவர் கண்ணிலும் இது படவில்லையே என்று சுற்றி நின்றவர்கள் மேல் அவனுக்குப் பரிதாபம் வந்தது.

டிக்கெட் வரிசையில் முன்னால் ஒரு தோள்பட்டை. வலதுபக்கம் கொஞ்சம் இறங்கின தோள். வருஷக்கணக்காகக் கியர் போட்ட தோள்.

"சகலை?"

தோள் திரும்பவில்லை. கழுத்து மட்டும் மெதுவாகத் திரும்பியது.

"நீ எங்க இங்க?"

"நீங்க எங்க இங்க?"

"பஸ் ரிப்பேர்."

"எனக்கும் லாரி வரல."

இரண்டு பொய்களும் வரிசையில் ஓரடி நகர்ந்தன. பேச ஒன்றுமில்லாததால் சகலை பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். "குடு, நான் பார்க்கறேன்."

அவனும் பழக்கதோஷத்தில் கொடுத்துவிட்டான். புத்தகத்தில் ஏழாம் நம்பரைச் சுற்றிப் பென்சில் வட்டம் இருந்தது.

"ஏழா? எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லல. நானே படிச்சேன்."

"இது செத்த குதிரை சகலை."

"என்ன பேசறீங்க. சைபர், ஏழு, நாலு, ரெண்டு, ஒண்ணு. ஏறிக்கிட்டே வருது பாருங்க."

சகலை புத்தகத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

"நீ எந்தப் பக்கத்துலேர்ந்து படிக்கிற?"

அவன் காட்டினான்.

"வலதுதான் புதுசு" என்றார் மெல்ல. "இது இறங்கிக்கிட்டு இருக்கு."

"அப்படின்னு எங்க போட்டிருக்கு?"

"எங்கயும் போட்டிருக்காது. எல்லாருக்கும் தெரியும்."

அவன் கட்டைவிரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். விரலில் ஒன்றுமில்லை.

ஜன்னல் வந்துவிட்டது. சகலை மூன்றாம் நம்பருக்குக் கட்டிவிட்டு ஒதுங்கிப் பக்கத்திலேயே நின்றார். உள்ளே இருந்தவர் அவனிடம், "எந்த நம்பர்?" என்றார்.

தெரிந்துவிட்டது. பதினோரு வாரம் தலைகீழாகப் படித்திருக்கிறான் என்று பளிச்சென்று தெரிந்துவிட்டது. புத்தியுள்ள எவனும் அந்த ஆயிரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். ஆனால் சகலை பக்கத்தில் நிற்கிறார், பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏழு" என்றான்.

எனக்கு இந்த ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே தெரியவில்லை.

8

முடிவு (அ): ஏழாம் நம்பர் ஜெயித்தது. கடைசித் திருப்பத்தில் வேலியோரமாகப் புகுந்து வந்தது. அவன் பத்தொன்பதாயிரத்தை வாங்கி, சகலை வீட்டுக்குப் போய், பதினெட்டாயிரத்து எழுநூற்று நாற்பதை எண்ணி அவர் கையில் வைத்து, "நான் என் பக்கத்துலேர்ந்து படிச்சேன்" என்றான்.

மனைவி அந்த ஒரு சீட்டை மட்டும் படித்துவிட்டு, "நல்லா இருக்கு. அடுத்த வாரமும் போயிருப்பீங்க. அதையும் எழுதுங்க" என்றாள். அடித்துவிட்டேன்.

முடிவு (ஆ): மூன்றாம் நம்பர் ஜெயித்தது. சகலை—

இதை எழுதக் கை மறுத்தது. ஐந்து முறை முயன்றேன்.

முடிவு (இ), அதாவது நடந்தது: ஏழு ஒன்பதாவதாக வந்தது. மூன்று ஐந்தாவது. ஜெயித்தது பத்தாம் நம்பர், ஒரு சாம்பல் குதிரை. அதன் வரிசை 0 8 9 8 0. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றே. எந்தப் பக்கத்திலிருந்தும் உருப்படாத குதிரை. சரியாகப் படித்தவருக்கும் தப்பாகப் படித்தவனுக்கும் கையில் ஒரே மாதிரித் துண்டுச் சீட்டுதான் மிச்சம். இதற்காகவா நான் பதினான்கு மாதம் பென்சில் உடைத்தேன் என்று அவன் சீட்டைக் கசக்கி எறிந்தான்.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"எவ்வளவு போச்சு?" என்றார் சகலை.

"ஆயிரம். உங்களுக்கு?"

"கேக்காத."

இரண்டு பஸ் போனது. எதிலும் ஏறவில்லை.

"என் வீட்டுக்காரிக்குத் தெரியாது. பன்னெண்டு வருஷமா" என்றார் சகலை. சீட்டை நாலாகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார். "நீ என்னை இங்க பார்க்கல. சரியா? அந்தப் பதினெட்டாயிரத்தை நான் மறந்துட்டேன். கணக்கு தீர்ந்துச்சு."

கடன் தள்ளுபடி. ஒரு குதிரையும் ஜெயிக்காமலே. இந்த இடத்தில் முடித்திருந்தால் கச்சிதமான கதை. குறிப்பு என்கிறவனிடம் சொன்னபோது அவனும், "முடிச்சிடுடா. கடன் போச்சு, கதையும் வந்துச்சு. இன்னும் என்ன வேணும்?" என்றான்.

அவன் குறிப்பு எதுவும் பலித்ததில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

9

சிக்கல் என்னவென்றால், இதை எழுதினால் சகலையை அங்கே பார்த்தேன் என்று ஆகிவிடும். பார்த்தேன் என்று ஆகிவிட்டால் தள்ளுபடி செல்லாது. எழுதாமல் இருந்தால் கடன் இல்லை, கதையும் இல்லை. மஞ்சள் சீட்டுகளை ரப்பர் பட்டை போட்டு வைத்துவிட்டு ஒரு மாதம் சும்மா இருந்தேன்.

மனைவி அந்தக் கட்டை எடுத்துப் பிரித்திருக்கிறாள். பெட்டி போட்டுக்கொண்டே படித்திருக்கிறாள். வேலை முடிந்து அவன் வந்தபோது எட்டாம் பகுதி அவள் கையில் இருந்தது.

"மாமா ரேஸுக்குப் போறாரா?"

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"நான் அக்காகிட்டச் சொல்ல மாட்டேன். அது அவங்க பாடு. நான் ஒண்ணு மட்டும் கேக்கறேன். இந்தப் பதினெட்டாயிரம் எதுக்குக் குடுத்தது?"

"உன் ஆபரேஷனுக்கு."

"என் வயித்தை அறுத்த காசு. அதை நீங்க வாயை மூடிக்கிட்டு இருக்கறதுக்குக் கூலியாக் கழிச்சுக்கறீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அப்ப நான் என்ன விலை? ஒருத்தர் ரகசியத்தோட விலையா?"

அவன் சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கினான். இந்தக் கதையில் அவன் எதைத் தலைகீழாகப் படித்தான் என்பதில் குதிரை வரிசை சின்ன விஷயம் என்று அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை லாரிகள் இருக்கின்றன. யாரும் விரும்பி வருவதில்லை; கூலி ஒன்றரை மடங்கு. அவன் ஒன்றரை வருஷம் போனான். அந்த ஒன்றரை வருஷத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூட்டை, மூட்டை, மூட்டை. இடையில் முதுகு ஒருதடவை பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான்.

கடைசி ஞாயிறுக்கு அடுத்த நாள், பஸ் டிப்போவுக்குப் போனான். சகலை இடைவேளையில் பெஞ்சில் உட்கார்ந்து கால் நீட்டியிருந்தார். உறையைப் பக்கத்தில் வைத்தான்.

"என்னது?"

"பதினெட்டாயிரத்து எழுநூற்று நாற்பது."

"அதான் மறந்துட்டேன்னு சொன்னேன்ல."

"எனக்கு ஞாபகம் இருக்கு."

சகலை உறையைத் தொடவில்லை. "அப்ப நீ சொல்லிடுவியா?"

"சொல்ல மாட்டேன். எழுதறேன்."

"எழுதறியா? நீயா?" நீட்டிய காலை மடக்கினார். "யாரு படிப்பா?"

"தெரியாது."

"என் வீட்டுக்காரி படிக்க மாட்டா. மாத்திரை அட்டையவே நான்தான் படிச்சுக் காட்டணும்." பிறகு, கேட்காமலே, "நான் இப்பல்லாம் போறதில்ல" என்றார்.

"எத்தனை வாரமா?"

"இந்த வாரம் போகல."

பணத்தை எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். அவன் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துப் பிரித்தான். மஞ்சள் சீட்டு இல்லை. காசு கொடுத்து வாங்கிய வெள்ளைத்தாள். முந்தின நாள் மூன்று தடவை எழுதி, மூன்றாவதைக் கொண்டு வந்திருந்தான்.

"வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்து."

சகலை தாளை வாங்கிக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார். சட்டைப்பையை வெளியிலிருந்தே தடவிப் பார்த்தார்.

"கண்ணாடிய வீட்ல வச்சுட்டேன் போல. என்ன போட்டிருக்கு?"

ஒண்ணும் இல்ல சகலை, வழக்கமா போடறதுதான். இந்த வாக்கியம் அவன் நாக்கு நுனிக்கு வந்தது. மூன்று வருஷத்துக்கு மேலாக அங்கேயே காத்துக்கிடந்த வாக்கியம். சொல்லியிருந்தால் எத்தனை சுகமாக இருந்திருக்கும்.

அவன் தாளை வாங்கி, முதல் எழுத்திலிருந்து, விரலை வைத்து, ஒரு சொல் விடாமல் படித்தான். தொகையை எழுத்தாலும் படித்தான், இலக்கத்தாலும் படித்தான். இன்ன தேதியில் என் சகலையின் மனைவியின் சிகிச்சைக்காக நான் கொடுத்த தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று படித்து முடித்தான். பக்கத்துப் பெஞ்சிலிருந்த கண்டக்டர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் தெளிவாக இருந்தது.

"எங்க போடணும்?"

"இங்க."

சகலை பேனாவைத் தாளில் வைத்தார். கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"இங்க இல்ல. இங்க."

கையெழுத்து விழுந்தது. பதினெட்டாயிரத்து எழுநூற்று நாற்பது அத்தோடு தீர்ந்தது.

இனி ஒன்றே ஒன்று பாக்கி. அது பண விஷயம் இல்லை. சகலை தடவிப் பார்த்த சட்டைப்பை தட்டையாக இல்லை. உள்ளே ஏதோ நீளவாக்கில் இருந்தது. பேனாவாக இருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட என் பேனாவைத்தான் வாங்கினார். இதை நான் அந்த இடத்திலேயே கவனித்தேன், கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

மணி அடித்தது. சகலை எழுந்து, உறையை உள்ளே வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஏறி இருக்கையில் உட்கார்ந்தார். அடுத்த ஓட்டத்தின் நேரச் சீட்டைக் கண்டக்டர் நீட்டினார். கிளம்பும் முன் டிரைவர் அதைப் படித்துப் பார்த்தாக வேண்டும். பொடி எழுத்து. சகலை அதை வாங்கிக்கொண்டு, ஒரு கையைச் சட்டைப்பைப் பக்கம்—

நான் திரும்பிக்கொண்டு நடந்துவிட்டேன். நீங்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறீர்கள். பார்த்தால் என்னிடம் சொல்லவேண்டாம்.